பெரிய டாக்டர் வந்தால் எழுந்திருக்கக் கூடாது

ஜெயிலில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் கேட்பவர் முகம் பிரகாசமாகிவிடும். தூக்குமேடையைப் பார்த்திருக்கிறீர்களா, பெரிய கொள்ளைக்காரன் எவனையாவது பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். நான் கம்பவுண்டர், நான் பார்த்ததெல்லாம் சொறி, சீதபேதி, நாள்பட்ட இருமல் என்றதும் நாற்காலி பழைய இடத்துக்கே போய்விடும். ஐம்பதுகளின் நடுவிலிருந்து அறுபதுகள் முடிகிற வரைக்கும் திருச்சிப் பக்கத்தில் ஒரு ஜெயில் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கியே என் காலம் போனது. எனக்கு முன்கோபம் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "மருந்தைவிட அந்த ஆள் வாய்தான் கசப்பு" என்று கைதிகள் பேசிக்கொள்வார்களாம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு அதிகமாகக் கோபத்தை வரவழைத்தவர் ஒரு கிழவர். ஜீயபுரத்துப் பக்கத்துக் குடியானவர். அறுபதைத் தாண்டிய ஆயுள் கைதி. வாய்க்கால் தண்ணீர் முறை யாருடையது என்று பங்காளியோடு தகராறு வந்து, கையிலிருந்த மண்வெட்டியால் ஓங்கி அடித்துவிட்டார். ஒரே அடி. அந்த மனிதன் வரப்பிலேயே விழுந்து செத்துப்போனான். இவர் ஓடவில்லை, ஒளியவில்லை. மண்வெட்டியோடு நேரே மணியக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார். கோர்ட்டிலும் இல்லையென்று சொல்லவில்லை. உள்ளே வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மனைவி அதற்குள் இறந்துவிட்டாள். வெளியில் அவருக்கென்று இருந்தது ஒரு மகள் மட்டும்.

அவருக்கு இருதய வியாதி. கால் இரண்டும் வீங்கி மினுமினுவென்று இருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும், அது மூட வெகுநேரமாகும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். இவ்வளவு இருந்தும், நான் மருந்துக் கிளாஸோடு கட்டில் பக்கம் போனால் போதும், மனிதர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிடுவார்.

"உக்காருங்க பெரியவரே. நான் என்ன கலெக்டரா?"

"இருக்கட்டுங்கய்யா."

"எப்படி இருக்கு உடம்பு?"

"நல்லா இருக்கேங்க. உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லைங்க."

உதடு நீலம் பாரித்திருக்கும், நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கும், அந்த மூச்சுக்கு நடுவில்தான் இந்தப் பதில் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வியாதியை மறைக்கிற கைதி ஒருவரைக்கூட அதுவரை நான் கண்டதில்லை. மற்றவர்கள் எல்லாம் வயிற்றுவலி என்று பொய் சொல்லியாவது ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுக்கப் பார்ப்பார்கள். இவரோ செத்துக்கொண்டிருந்தார், கேட்டால் சௌக்கியம் என்றார்.

இதில் பாதி, ஜெயில் கொடுத்த பழக்கம். வாரம் ஒருநாள் சூப்பரண்டு சுற்றி வருவார். எல்லோரும் வரிசையில் விறைப்பாக நிற்பார்கள், குறை உண்டா என்று கேட்டால் இல்லை என்பார்கள். பத்து வருஷம் நின்ற கால் அது. மீதிப் பாதி அவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்தது. காவிரிக்கரைக் குடியானவர்களிடம் இந்த வழக்கத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரிய மனிதர் ஒருவர் தேடி வந்து நலம் விசாரித்தால், அவரிடம் போய்த் தன் நோவைச் சொல்லமாட்டார்கள். விசாரித்தவரின் மனசு குளிரும்படி ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவதுதான் மரியாதை. வலி, வேதனை எல்லாம் வீட்டு ஆட்களோடு.

தேறமாட்டார் என்று தெரிந்த வயதான கைதியை, கடைசிக் காலத்தில் வீட்டோடு இருக்கட்டும் என்று சர்க்கார் விடுதலை செய்யலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. இடம் இருந்ததே தவிர, அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் ஜெயில் டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர். அவர்தான் இந்தப் பெரியவருக்காக எழுதினார். வெளியிலிருந்து ஒரு பெரிய டாக்டர் தலைமையில் மூன்று பேர் வந்து பரிசோதிப்பார்கள் என்று பதில் வந்தது. இவர் இனிப் பிழைக்கமாட்டார் என்று அவர்கள் சொன்னால், மேற்கொண்டு காரியம் நடக்கும்.

செய்தி தெரிந்ததும் வார்டில் இருந்த மற்றக் கைதிகளுக்கு ஒரே கொண்டாட்டம். கிழவருக்கு விடுதலை கிடைக்கப்போகிறது, அவரைப் பார்க்கப் பெரிய டாக்டர் வருகிறார். அன்று காலையில் நான் மருந்தறையில் குடுவைகளோடு போராடிக்கொண்டிருந்தபோது, இவர்கள் பெரியவருக்குச் சுத்தமாகச் சவரம் செய்து, வெந்நீரில் குளிப்பாட்டி, வெளுத்த உடுப்பு மாட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி உட்கார வைத்துவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதுபோல. போதாத குறைக்கு அந்த வாரம்தான் டாக்டர் ஊசி போட்டிருந்தார். நீர் நன்றாக இறங்கி, கால் வீக்கம் பாதி வடிந்திருந்தது. நான் வார்டுக்குள் வந்து அந்தக் கோலத்தைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் பெரிய டாக்டர் வாசலுக்கு வந்துவிட்டார்.

பெரியவர் எழுந்தார். கம்பியைக்கூடப் பிடிக்காமல் நேராக நின்று கும்பிட்டார்.

"என்னப்பா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லைங்க சாமி. நல்லா இருக்கேங்க."

"மூச்சு வாங்குதா?"

"வயசாச்சுல்லைங்க. அது பாட்டுக்கு வாங்கும், அது பாட்டுக்கு விடும்."

எங்கள் டாக்டர் குறுக்கே புகுந்து என்னவோ சொல்லப் பார்த்தார். பெரிய டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தபடியே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"வேலை ஏதாவது செய்ய முடியுமா?"

பெரியவருக்கு அப்போது முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். தன்னைச் சோம்பேறி என்று நினைத்துவிடுவார்களோ என்கிற பயமும் அதில் இருந்தது.

"சும்மா உக்காந்து தின்ன மனசு ஒப்பலைங்க. தோட்டத்துல வாழைக்குத் தண்ணி கட்டச் சொன்னீங்கன்னா கட்டுவேங்க."

அத்தோடு முடிந்தது. இருதயம் பலவீனம்தான், ஆனால் நல்ல நடமாட்டம் இருக்கிறது, உடனடி ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பெரிய டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கேட்டார், இவர் பதில் சொன்னார். எதிரே விபூதிப் பட்டையோடு விறைப்பாக நின்று வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறேன் என்கிற ஆளை, சாகப் போகிறவர் என்று யார் எழுதுவார்கள்?

அவர்கள் வாசலைத் தாண்டியதும் பெரியவர் கட்டிலில் விழுந்தார். மூச்சு சீராகவே வெகுநேரம் பிடித்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் கேட்டார்: "மரியாதையாப் பேசினேனுங்களா?"

எனக்கு வந்த கோபத்தில் மருந்துக் கிளாஸை எறியாமல் இருந்ததே பெரிது. "மரியாதையா? உம்ம விடுதலையை உம்ம வாயாலயே கெடுத்தீரே, அது தெரியுதா? உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்?" என்று வார்டே அதிரக் கத்தினேன். அவர் திகைத்துப்போய், "அவ்ளோ பெரிய மனுசர் இவ்ளோ தூரம் வந்து கேக்குறாருங்க. அவர்கிட்டப் போயி அழுவாங்களா?" என்றார். வெளியில் வந்து எங்கள் டாக்டரிடம் புலம்பினேன். அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "இவருக்கு வியாதி இருதயத்துல இல்லைய்யா, முதுகெலும்புல. வளைய மாட்டேங்குது" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. எங்கள் வீடு மாதாகோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். என் மனைவி கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாப்பாடு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஐயோ பாவம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஏங்க, அவர் அடிச்சுக் கொன்னாரே, அந்த மனுசனுக்கு வீடு இல்லையா?" என்றாள். "அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைங்க பக்கத்துல இருக்க, ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டுச் சாகணும்னு இருந்திருக்காதா? வரப்புல சேத்துல கெடந்து செத்தான். அவனுக்குக் கெடைக்காதது இவருக்கு மட்டும் எதுக்காம்?"

"ஞாயித்துக்கெழமை தவறாம பூசைக்குப் போறே. கேட்கிற பிரசங்கமெல்லாம் இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுறியா?"

"பூசை இருக்கட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

ரசத்தை ஊற்றச் சொன்னேன். என் பக்கத்து நியாயம் இவ்வளவுதான்: கோர்ட் அவருக்குக் கொடுத்தது ஜெயில், அதை அவர் பத்து வருஷத்துக்கு மேல் மறுபேச்சில்லாமல் அனுபவித்துவிட்டார். கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை போக ஆள் துணை வேண்டியவரை மூன்று கதவு போட்டுப் பூட்டி வைத்து, யாரை யாரிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தோம்? ஆனால் இது அவள் கேட்டதற்குப் பதில் ஆகாது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். வரப்பில் கிடந்தவனுக்கு நான் என்ன சொல்ல முடியும்? அவள் கேள்வியும் நியாயம், என் கோபமும் நியாயம். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் மறுநாள் வேலைக்குப் போனேன்.

கைதிகளைச் சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பதை ஜெயிலில் மனு என்பார்கள். பெரியவரின் மகள் ஸ்ரீரங்கத்திலிருந்து மனு பார்க்க வருவாள். தெற்கு வாசல் பக்கம் ஒரு ஓட்டலில் மாவரைக்கிற வேலை. கணவன் லாரி ஓட்டுபவன், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அவள் ஓட்டலில் லீவு கேட்டு, சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாறி, வாழைப்பழச் சீப்பும் பையுமாக வந்து நிற்பாள். அவள் வருகிற நாளில் பெரியவர் செய்கிற நாடகம் தனி. ஆஸ்பத்திரியிலிருந்து மனு பார்க்கிற இடம் வரை ஒரு கைதியின் தோளில் தொங்கிக்கொண்டு வருவார். கடைசித் திருப்பத்தில் அந்தத் தோளை விட்டுவிடுவார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, தானே நடந்துபோய்க் கம்பிவலை முன்னால் நிற்பார். நல்லா இருக்கேம்மா என்பார். அவள் போனதும் ஸ்ட்ரெச்சரில்தான் திரும்பி வருவார்.

பெரிய டாக்டர் வந்துபோன பிறகு ஒரு நாள், மனு முடிந்து அவள் வெளியே போகும்போது நான் வாசலில் போய் நின்றேன்.

"உங்க அப்பாவுக்கு என்ன வியாதின்னு தெரியுமாம்மா?"

"சளிதானே சார்? நல்லாத்தான் இருக்காரு. ரெண்டு மூணு வருஷத்துல விட்டுருவாங்க, வந்துருவேன்னு சொன்னாரே."

"ரெண்டு மூணு வருஷமா? ரெண்டு மூணு மாசம் தாங்கினா அதிசயம்."

இப்படியா ஒரு மகளிடம் சொல்வது என்று கேட்பீர்கள். என் வாய் அப்படி. அவள் அழவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். இருதய வியாதியையும், சவரம் செய்து நிறுத்திய கதையையும், வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறேன் என்ற கதையையும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும், "எங்கப்பா பொய் சொல்லமாட்டாரு சார்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சொல்லியிருக்காருன்னா, என்னை அந்நியமா வச்சிட்டாருன்னுதானே அர்த்தம்?" என்றாள். அதற்கப்புறம்தான் அவள் குரல் உடைந்தது.

அடுத்த தடவை அவள் வந்தபோது நானும் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு மனு பார்க்கிற இடத்துக்குப் போனேன். வலைக்கு இந்தப் பக்கம் கைதிகள், அந்தப் பக்கம் உறவுக்காரர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுவார்கள். பெரியவர் வழக்கம்போல வந்து நின்றார்.

"உக்காருப்பா" என்றாள் அவள்.

"வேண்டாம்மா. எல்லாரும் நிக்கிறாங்க."

புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவளோடு நின்றுகொண்டு எப்படிப் பேசுவது? அவர் வலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தார். மழை, ஓட்டல், மருமகன் லாரி என்று ஊர்ப்பட்ட கதை பேசினாள். மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். அவளும் எழுந்து நின்று பார்த்தாள்.

அவர் வலையில் விரல்களைக் கோத்து எழப் பார்த்தார். முடியவில்லை. சிரித்துக்கொண்டே, "கால் மரத்துப்போச்சும்மா" என்று இன்னொரு தடவை முயன்றார். இடுப்பு தரையிலிருந்து கிளம்பவே இல்லை. மூன்றாவது தடவை சிரிப்பு வரவில்லை. மாவரைத்துக் காய்த்துப்போன மகளின் கை இரண்டும் அந்தப் பக்கம் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. விரல் நுழையும், கை நுழையாத வலை அது. இரண்டு கைதிகள் வந்து அவரைத் தூக்கினார்கள்.

அப்போது அவள் போட்ட சத்தத்தில் மனுக்கூடமே அடங்கியது.

"யப்பா! இனிமே பெரிய டாக்டர் வந்தா எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சேன்னு கேள்விப்பட்டேன், நான் மனு பாக்க வரமாட்டேன். உன் மேல சத்தியம்!"

தூக்கிக்கொண்டு போகிறவர்களின் கையில் தொங்கியபடியே அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எங்கள் டாக்டர் எழுதிய எந்த மருந்துச் சீட்டும் அவ்வளவு சரியாக இருந்ததில்லை.

டாக்டர் மறுபடியும் எழுதினார். நினைவூட்டி எழுதினார். ஒரு வழியாக இரண்டாம் முறை வருகிறோம் என்று தகவல் வந்தது. இந்தத் தடவை நான் ஜாக்கிரதையாக இருந்தேன். "எவனாவது சவரக்கத்தியைத் தொட்டீங்க, ஒரு மாசத்துக்கு விளக்கெண்ணெய்தான்" என்று வார்டு முழுவதும் சொல்லிவைத்தேன். பெரியவர் வெள்ளைத் தாடியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊசிக்கும் அடங்காமல் வீக்கம் இடுப்பு வரை ஏறியிருந்தது.

வாசலில் பெரிய டாக்டர் தெரிந்ததும் பெரியவருடைய வலது கால் தானாகக் கட்டிலை விட்டு இறங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கால் தரையைத் தொட்டது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்து, தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்தபடியே கும்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது.

"மன்னிக்கணும் சாமி. எந்திரிக்கக் கூடாதுன்னு மக சொல்லிட்டா. மரியாதை தெரியாதவன்னு நெனைச்சுக்காதீங்க."

பெரிய டாக்டர் நடு வார்டில் நின்றுவிட்டார். எங்கள் டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். சட்டையைத் தூக்கிவிட்டு நெஞ்சிலும் முதுகிலும் நிதானமாக வைத்துப் பார்த்தார். காலை அழுத்தி, விழுந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படுத்துத் தூங்கி எவ்வளவு நாளாச்சு?"

பெரியவர் உதவிக்கு என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நெனப்பில்லைங்க" என்றார் கடைசியில். ஒரு பெரிய மனிதரிடம் அவர் சொன்ன முதல் குறை அதுதான் என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டு, குற்றம் செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர்கள் சம்மதித்துவிட்டார்கள். அதோடு கதவு திறந்துவிடாது. கிராமத்தில் விசாரிப்பார்கள், போகப்போகிற வீட்டில் விசாரிப்பார்கள், எல்லாம் மேலே போய் உத்தரவாக வர வேண்டும். மகள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஜீயபுரம் பக்கம் பஸ் ஏறி, செத்தவருடைய மனைவி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் இவளுக்குச் சின்னம்மா முறை. வெயில் சாய்கிற வரை உள்ளே வா என்றும் சொல்லவில்லையாம், போ என்றும் சொல்லவில்லையாம். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வெளியே வந்து பேசினாளாம்.

"அவரு இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல, போனாலும் ஒண்ணும் இல்ல. இந்த ஊரு எல்லைக்குள்ள அவரு காலு படக் கூடாது. என் பிள்ளைங்க கண்ணுல படக் கூடாது. கேக்க வர்றவங்ககிட்ட இதையேதான் சொல்லுவேன்."

இதை நான் வீட்டில் போய்ச் சொன்னபோது என் மனைவி திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடிவைத்தாள். "அந்தம்மாவே அவ்வளவுதான் கேக்குறாங்கன்னா, அதுக்கு மேல கேக்க நான் யாரு?" என்றாள். பிறகு, "ஆனா அந்த எல்லைக்குள்ள வரவே கூடாதுங்க. அதை எல்லாரும் மதிக்கணும்" என்றும் சொன்னாள். அந்தப் பேச்சில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

மகளுடைய வாடகை வீடு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஒரே அறை. வீட்டுக்காரர் ஒரு வைஷ்ணவ மாமி, தனியாக இருப்பவர். ஜெயிலிலிருந்து வருகிறவர், அதுவும் சாகக் கிடக்கிறவர் என்றால் காலி பண்ணு என்று சொல்லிவிடுவாரோ என்று இவள் பயந்து பயந்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மாமி கேட்டுவிட்டு, "இந்த க்ஷேத்திரத்துல பிராணன் போகணும்னு எங்கெங்கேர்ந்தோ வந்து காத்துண்டிருக்கா. உங்க அப்பாவை மட்டும் வராதேன்னு சொல்ல நான் யாருடி? பெருமாள் பார்த்துப்பார். வாசல்ல மட்டும் சத்தம் இல்லாம பார்த்துக்கோ" என்றாராம்.

உத்தரவு வந்தது. சொல்லப்போனால், வரும் என்ற நம்பிக்கையை நான் விட்ட பிறகு வந்தது. ஜெயிலுக்கு வந்த நாளில் கட்டியிருந்த வேட்டி சட்டையைக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். சட்டைக்குள் அவரைத் தேட வேண்டியிருந்தது. வாசலில் மகள் ஜட்கா வண்டியோடு நின்றாள். இவரோ வார்டரிலிருந்து சூப்பரண்டு ரூம் பியூன் வரை ஒவ்வொருவராகக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். "சட்டுனு ஏறுமய்யா, உத்தரவை மாத்திடப் போறாங்க" என்று நான் ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் ஏறினார். என்னையும் கும்பிட்டு, "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேங்க" என்றார். கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்று சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். சந்துக்குள் திரும்பும்போதே ஒரு ஆண் குரல் தெருவைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"இது கஞ்சியாடி? கழுநீர்த் தொட்டியில ஊத்துனா மாடு மூஞ்சியத் திருப்பிக்கும். ஒரு கல்லு உப்பு போட்டா கொறஞ்சா போயிடுவே?"

வீடு தவறி வந்துவிட்டேன் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் கயிற்றுக் கட்டிலில், தலையணைகளில் சாய்ந்து, கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டபடி உட்கார்ந்திருப்பது எங்கள் பெரியவர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எழுந்திருக்கவில்லை. எழப் பார்க்கவும் இல்லை.

"வாங்கய்யா, வாங்க. உக்காருங்க. இந்தக் காலப் பாருங்க, ராத்திரி பூரா கடுப்பு. முதுகுல ஒரு பக்கம் எரியுது. இவளைத் தேச்சுவிடச் சொன்னா ரெண்டு தேய் தேச்சுட்டுத் தூங்கிப்போறா. நெஞ்சுல ஆளு ஏறி உக்காந்த மாதிரி இருக்குங்க. கஞ்சியில உப்பே கிடையாது."

நான் நலம் விசாரிக்கவே இல்லை. கேட்பதற்கு முன்னால் வந்து கொட்டியது அத்தனையும்.

"உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு பெரியவரே. இதே உப்பில்லாக் கஞ்சியத்தானே நானும் அங்க குடுத்தேன். அமிர்தமா இருக்குன்னு குடிச்சீங்களே?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இதுகூடத் தெரியாத ஆளா நீ என்கிற பார்வை.

"உங்க எடத்துல வந்து, உங்க கையால குடுக்குற சோத்தக் குறை சொல்லலாமுங்களா?"

மகள் அடுப்புப் பக்கத்திலிருந்து சிரித்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இரவு தூக்கம் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. "வந்ததுலேருந்து இதே பாட்டுதான் சார். காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும். வீட்டுக்கார மாமிகூடச் சொல்லிட்டாங்க, உங்க அப்பா வாய்க்கு ஒரு பூட்டு வாங்குடின்னு" என்றாள். சொல்லிக்கொண்டே கிண்ணத்தை எடுத்து மறுபடி அவர் வாயருகில் கொண்டுபோனாள். அவர் முனகிக்கொண்டே குடித்தார்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அத்தனை வருஷமும் எங்கள் ஜெயிலில் அந்த மனிதர் ஒரு விருந்தாளியாக இருந்திருக்கிறார். அதை நினைக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவர் என்ன சார் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நல்லா இருக்கேன் என்றேன்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. செய்தியை அவளே நேரில் வந்து சொன்னாள். ஜெயில் வாசலில், மனு பார்க்க வந்தவர்களின் வரிசைக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். காரியமெல்லாம் முடிந்துவிட்டது, ஓட்டல் வேலைக்கும் திரும்பிவிட்டேன், டாக்டர் ஐயாவிடமும் சொல்லிவிடுங்கள் என்றாள். கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்று கேட்டேன்.

"ரொம்ப சார். கடைசி ரெண்டு மூணு நாளு ஒரே கத்தல். வலிக்குதுடி, வலிக்குதுடின்னு. தெருவுக்கே கேட்டுச்சு. என்னால காதால கேக்க முடியல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா என்கிட்டச் சொன்னாரு சார்."